லேஞ்சியாகிய வரைபடம்

என்னோடு ஒரே வகுப்பில் இருந்தவர்களில் இன்னும் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் அக்காவின் செத்தவீட்டுக்கு உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். பந்தலுக்குள் கதிரைகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு, அவள் உங்கள் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்ததையும், கரும்பலகையில் வட்டத்தைக் கவராயம் இல்லாமல் கையாலேயே கீறிவிடுவதையும் பற்றிக் கதைத்தீர்கள். ஒருவர் மட்டும், "உங்கட அக்கா சின்னனில டாங்கி எல்லாம் செய்தவ, என்ன?" என்று என்னிடம் கேட்டார். நான் ஓம் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவரோடு வந்திருந்த அவருடைய மகள் இலண்டனில் பொறியியலாளராக இருக்கிறாள். டாங்கிப் போர் விளையாட்டுகளுக்கு ஓய்வுநேரத்தில் களங்கள் வரைவதும், பழைய வாகனங்களின் உருவத்தை மாற்றியமைப்பதும் அவளது பொழுதுபோக்கு. உலகெங்கும் இருந்து முகமறியாத பலர் அவள் வரைந்த களங்களில் விளையாடுகிறார்களாம். எங்கள் துறைமுகத்தையே ஒரு களமாக வரைந்துகொண்டிருப்பதாகச் சொல்லி, தன் கணினியைத் திறந்து காட்டினாள். உள்துறைமுகத்தின் நீலம், கரையோர வீதி, எதிர்ப்புறத்தில் சீனன்குடா, எல்லாம் இருந்தன. "அங்கிள், இந்த மேட்டில நிண்டு பார்த்தால் எதிர்க்கரை எண்ணெய்க் குதங்கள் தெரியுமோ? நடுவில மரம் மறைக்குமோ?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இந்த மாவட்டத்தில் என்னைவிடத் திருத்தமாக விடை சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை. மறந்துவிட்டது என்று சொன்னேன். அன்று மாலை முழுவதும் அந்தப் பொய் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அக்காவுக்குப் பதினெட்டு. சாம்பல்தீவில் இருந்த எங்கள் மாமாவின் மகன் அவளிலும் மூன்று மாதம் இளையவன், எனக்கு மச்சான். இருவரும் உயர்தரப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தார்கள். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. எந்தக் கதவைத் திறந்தாலும் வீட்டுக்குள் புழுதி வந்தது. சாப்பாட்டில் மணல் கடிபட்டது. வீதிகளில் புதிதாகக் காவலரண்கள் முளைக்கத் தொடங்கியிருந்தன. ஆனால் அவை இன்னும் நிரந்தரமாகிவிடவில்லை. நான்கு மணற்சாக்கும் ஒரு தகரக் கூரையும் நாளைக்கே எடுத்துப் போகப்படும் என்று பெரியவர்கள் நம்பிய காலம் அது.

எங்கள் விளையாட்டு ஒரு சஞ்சிகையில் இருந்து வந்தது. வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போனபோது கழித்துவிட்ட புத்தகக் கட்டு ஒன்று பல கைகள் மாறி, பழைய கடதாசிக் கடையில் கிடந்தது. அதற்குள் அட்டை இல்லாத ஒரு சஞ்சிகை இருந்தது. மேசையின்மேல் சிறு டாங்கிகளை வைத்துப் போர் விளையாடுவதற்கான விதிகள் அதில் இருந்தன: ஒரு முறைக்கு எவ்வளவு தூரம் ஓடலாம், எந்தப் பக்கத்தில் குண்டு பட்டால் அழியும், தாயக்கட்டையில் என்ன விழுந்தால் தப்பும். அக்கா அவை அத்தனையையும் தமிழில் ஒரு கொப்பியில் எழுதினாள். பின்னர் அந்தப் படங்களைப் பார்த்து டாங்கிகளைச் செய்யத் தொடங்கினாள்.

அவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது ஒன்றுகூட மிஞ்சவில்லை. உடல் தீப்பெட்டி. அதன் மேல் தடித்த மட்டையைச் சரிவாக வெட்டி ஒட்டினாள். சுழலும் கோபுரம் மருந்துப் போத்தலின் மூடி. குழல், மை தீர்ந்த பேனைக் குச்சி. சங்கிலிக்குப் பழைய சைக்கிள் ரியூப்பை மெல்லிய நாடாவாக வெட்டி, குறுக்கே நூலைச் சுற்றினாள். சில்லுகள் சேட்டுப் பொத்தான்கள். எங்கள் உலகத்தின் அளவை அந்தப் பொத்தானே தீர்மானித்தது. பொத்தானை அளந்து, உண்மையான டாங்கியின் சில்லோடு ஒப்பிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதே விகிதத்தில் அவள் கணக்கிட்டாள். கோபுரம் சுழல வேண்டும் என்பதற்காக, அம்மாவின் தையற்பேணியில் இருந்து சட்டைக்குத் தைக்கும் அமுக்குப் பொத்தானை எடுத்து, ஒரு பாதியை உடலிலும் மறு பாதியை மூடியிலும் பொருத்தினாள். விரலால் தொட்டால் சத்தமில்லாமல் திரும்பும். பெயின்ற், சல்லி என்ற மீனவக் கிராமத்தில் இருந்து வந்தது. வள்ளம் பூசி மிஞ்சிய பச்சையையும் கபிலத்தையும் மச்சான் சிரட்டைகளில் கொண்டுவருவான். எங்கள் பின்னறை முழுவதும் மண்ணெண்ணெயும் கருவாட்டு மணமும் கலந்து வீசும். பொம்மைக் கடையில் வாங்கிய தகர லொறி ஒன்றின் பின்பாதியை அறுத்தெறிந்து, அதை, முன்னே சில்லும் பின்னே சங்கிலியும் உள்ள அரைச்சங்கிலி வண்டியாக அவள் மாற்றிய நாளில் அம்மா குசினி வாசலில் நின்று, "பொம்பிளைப் பிள்ளை கல்யாணத்துக்குப் பழகாமல் லொறி அறுக்கிறாள்" என்றார்.

"அறுக்கத் தெரிஞ்சால் மீனும் அறுக்கலாம்தானே மாமி" என்றான் மச்சான்.

"நீ வாயை மூடு. உனக்குத்தான் இவள் சமைக்க வேண்டி வரும்."

அக்கா லொறியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சானின் காது சிவந்திருந்தது.

முதலில் சஞ்சிகையில் இருந்த பாலைவனத்தில்தான் விளையாடினோம். இரண்டு கிழமைக்குள் மச்சானுக்கு அது அலுத்துவிட்டது. "காணாத பாலைவனத்துக்காக நான் ஏன் சாக வேணும்? எங்கட இடத்தைக் கீறுங்கோ" என்றான். அக்காவுக்குப் படம் கீறப் பொறுமை இல்லை. அந்த வேலை என்னிடம் வந்தது.

அப்பா துறைமுகத்தை அண்டிய ஓர் அரச அலுவலகத்தில் படவரைஞர். படங்களின் மேல் வைத்துப் படியெடுப்பதற்கு அங்கே ஒரு வகைத் துணி இருந்தது: மிக மெல்லிய பருத்தியில் கஞ்சிப் பசை ஏற்றி, கண்ணாடி போல் ஒளி ஊடுருவும்படி செய்த நீலத் துணி. பிழைத்துப்போன துண்டுகளை வரைஞர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். அவர்களுடைய வீட்டுப் பெண்கள் அதைச் சலவைச் சோடா போட்டு அவித்து, பசையைக் கசக்கி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது கடையில் வாங்க முடியாத மென்மையான வெள்ளைத் துணி. அம்மா அதில் லேஞ்சிகள் தைப்பார். கைக்குட்டையை நாங்கள் லேஞ்சி என்றுதான் சொல்லுவோம். எங்கள் குடும்பத்தில் எல்லோருடைய சட்டைப்பையிலும் அரச அலுவலகத்தின் துணியே இருந்தது. அதில் யாருக்கும் தவறு தெரியவில்லை.

அப்படி வந்த ஒரு பெரிய துண்டை நான் கேட்டு வாங்கினேன். தூரத்தை மச்சானின் சைக்கிளால் அளந்தோம். பின்சில்லின் கம்பிகளில் படும்படி ஒரு மட்டைத் துண்டைக் கட்டிவிட்டால், சில்லு ஒரு முறை சுற்றும்போது ஒரு கம்பியில் சுற்றிய தடித்த நூல் அதில் பட்டு வேறு விதமாக ஒலிக்கும். மச்சான் மிதிப்பான், நான் முன்பாரில் இருந்து எண்ணுவேன். அவன் வேண்டுமென்றே இடையில் கதை கேட்டு என் எண்ணைக் குழப்புவான். குழம்பினால் திரும்பிப் போய்த் தொடக்கத்தில் இருந்து எண்ண வேண்டும். நகரத்தில் இருந்து சாம்பல்தீவுக்கும், அங்கிருந்து சல்லியின் மாரியம்மன் கோயிலடிக்கும், மறுபக்கம் உள்துறைமுகத்தைச் சுற்றிச் சீனன்குடாப் பக்கம் போகக்கூடிய எல்லை வரைக்கும் அந்த விடுமுறையில் எண்ணித் தீர்த்தோம். சல்லியில் கருவாடு காயும் பரண்களைக்கூட நான் விடவில்லை. அவற்றின் பின்னால் ஒரு டாங்கி மறைந்து நிற்கலாம்.

மறைவுதான் எல்லாவற்றுக்கும் காரணம். சுடுவதற்கு முன் எதிரி கண்ணில் தெரிய வேண்டும் என்பது விதி. தெரியுமா தெரியாதா என்று அக்காவும் மச்சானும் நாள்தோறும் சண்டை பிடித்தார்கள். அதைத் தீர்க்க நான் ஒவ்வொரு மேட்டிலும் ஏறி நின்று, அங்கிருந்து தெரிவனவற்றை எழுதிக்கொண்டு வந்து, படத்தில் சிவப்பு மையால் கோடுகள் போட்டேன். நகரத்து மேட்டில் இருந்து எதிர்க்கரைக்குப் போன கோடுகள் பல. சீனன்குடா விமான ஓடுபாதையின் ஒரு முனை தெரிந்தது. மரங்களின் மேலால், எண்ணெயைச் சேமித்து வைக்கும் குதங்கள் தெரிந்தன; ஒவ்வொன்றையும், வீதிகளையும் ஓடுபாதையையும் போலவே, கறுப்பு மையால் ஒரு சிறு வட்டமாகப் போட்டேன். எனக்கு அவை பின்னால் ஒளிந்துகொள்ளக்கூடிய பெரிய உருண்டைகள், அவ்வளவுதான்.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கண்டார். சாரத்தை மடித்துக் கட்டியபடி நிலத்தில் முழந்தாளிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"தூரம் எப்பிடி எடுத்தனீ?"

"சில்லைச் சுத்தி எண்ணினனாங்கள்."

"காத்துக் குறைஞ்சால் சில்லின்ர சுற்றளவு குறையுமடா."

"ஒவ்வொரு நாளும் காத்தடிச்சுப்போட்டுத்தான் போனனாங்கள்."

அவர் சிரித்தார். அப்பா என்னால் சிரித்ததாக நான் நினைவில் வைத்திருக்கும் சில தடவைகளில் அது ஒன்று. பிறகு, "அளவுகோல் இல்லாட்டி இது சித்திரம், படமில்லை" என்று சொல்லி, தன் பேனையையும் கறுப்பு மையையும் எடுத்து வந்தார். இடது கீழ்மூலையில், சீனன்குடாவுக்கு அருகே, அளவுகோலையும் வடக்குக் குறியையும் போட்டார். அதன் கீழே அலுவலகப் படங்களில் எழுதுவது போல, அச்சில் வார்த்த எழுத்துகளில் விகிதத்தை எழுதினார். அவரால் அதைச் செய்யாமல் விட்டிருக்க முடியாது என்று இப்போது விளங்குகிறது. குறையான ஒரு படத்தை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போகும் படவரைஞர் இருக்க மாட்டார்.

அந்தப் படத்தில் நாங்கள் விளையாடிய பெரிய போரில் மச்சான் தோற்றான். சீனன்குடா வீதியில் அவனுடைய ஆறு டாங்கிகளும் அழிந்தன. அக்கா தன் அரைச்சங்கிலி வண்டியை எண்ணெய்க் குதங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

"உது கள்ள ஆட்டம். அங்க நிண்டால் எனக்குத் தெரியும்."

"சிவப்புக் கோட்டைப் பார். தெரியாது."

"கோடு கீறினது உன்ர தம்பி. அவன் உன்ர பக்கம்."

"அவன் ஒருத்தற்ற பக்கமும் இல்லை. கண்டதைத்தான் கீறுவான்" என்றாள் அக்கா.

ஆவணி பிறந்த பிறகு ஒரு நாள் அப்பா வேலையில் இருந்து நேரத்தோடே வந்தார். துறைமுகப் பகுதியைக் காட்டும் எந்தப் படமும் வெளியே போகக்கூடாது என்று அலுவலகத்தில் சுற்றறிக்கை வந்திருந்தது. கழிவுத் துணியும் அதற்குள் அடக்கம். அவர் சேட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தப் படம் எங்க?"

"அலுமாரிக்குள்ள."

"கொண்டு போய் அம்மாட்டக் குடு. அடுப்புக்குள்ள வைக்கச் சொல்லு. இண்டைக்கே."

அவர் தானே அதை எரித்திருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன், சொன்னதையும் சொன்னேன். அம்மா துணியைக் கையால் தடவிப் பார்த்தார். "உந்த மனிசனுக்கு விசர். இவ்வளவு பெரிய துண்டை ஆரும் எரிப்பினமோ?" என்றார். அவருக்கு அது படமல்ல. கோடு விழுந்த துணி. அடுத்த நாள் சோடாவில் அவித்துக் கசக்கினார். என் சிவப்பு மை முழுவதும் போய்விட்டது. பென்சிலும் போனது. ஆனால் கறுப்பு மை போகவில்லை. மெல்லிய சாம்பல் நிறமாகத் துணியில் ஊறி நின்றது. முன்பு வந்த துண்டுகள் பெரும்பாலும் பென்சில் கீறல்கள். ஆகவே அம்மாவுக்கு இது புதிது. "பூவேலை மாதிரி இருக்கு, பரவாயில்லை" என்று ஒன்பது லேஞ்சிகள் வெட்டினார். அப்பாவுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த ஒன்பதில் ஒன்றுக்கு அக்கா நீல நூலால் ஓரம் தைத்தாள். மச்சான் வந்தபோது மடித்துக் கையில் கொடுத்தாள்.

"அழுக்கு லேஞ்சியோ தாறது?"

"அழுக்கில்லை. நீ தோத்த இடம். வடிவாப் பார்."

அவன் விரித்துப் பார்த்தான். ஓடுபாதையின் முனை, சிறு வட்டங்கள், மூலையில் அப்பாவின் அளவுகோல். வாய்விட்டுச் சிரித்துவிட்டு, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அது அவனிடம் இருந்த சில நாள்களிலும் அவன் அதைத் துவைக்கக் கொடுக்கவில்லை என்று பிற்காலத்தில் அவனுடைய தாய், என் மாமி, சொன்னார்.

ஒரு கிழமைக்குள் மாமா வந்தார். மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமா வெங்காயத் தோட்டத்து மண் காலோடு வாசலிலேயே நின்றார். காவலரணில் மச்சானை இறக்கிச் சோதித்தார்களாம். அடையாள அட்டையை எடுக்கப் பையில் கைவிட்டபோது லேஞ்சியும் வந்ததாம். வேர்வையைத் துடைத்துவிட்டு அதைச் சைக்கிள் பிடியில் விரித்துப் போட்டானாம். காவலுக்கு நின்றவன் அதை எடுத்துச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்தானாம்.

"முகாமுக்குக் கொண்டு போட்டினம், மச்சான்" என்று அப்பாவிடம் சொன்னார் மாமா. "விளையாட்டுக்குக் கீறினது எண்டு அவன் சொல்லுறானாம். நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கோ. உங்களுக்கு இங்கிலீசு தெரியும். நான் சொன்னால் ஆர் கேப்பினம்?"

அப்பாவின் கை சோற்றில் இருந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா எழும்பிக் குசினிக்குள் போனார். எரிக்கச் சொன்னது எரிக்கப்படவில்லை என்பதை அப்பா அந்தக் கணத்தில்தான் அறிந்தார்.

"பாப்பம்" என்றார்.

அதன் பின் மூன்று நாள்கள் பார்த்தார். மாமா ஒவ்வொரு நாளும் வந்து நின்றார். ஒவ்வொரு நாளும் அதையே கேட்டார். அப்பாவைக் கோழை என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி எளிதாகச் சொல்ல மாட்டேன். அந்த லேஞ்சியின் மூலையில் அவருடைய எழுத்து இருந்தது. அரச படவரைஞர் ஒருவர், தடைசெய்த பகுதியின் படத்தில், தன் கையாலேயே விகிதம் எழுதியிருக்கிறார். பையன் விளையாட்டாகக் கீறினான் என்று யார் சொன்னாலும், அடுத்த கேள்வி அந்த எழுத்தைப் பற்றியதாகவே இருக்கும். நான்காம் நாள் விடிந்ததும் அவர் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"அவங்கள் உன்னைக் கேட்டால் இல்லை எண்டு சொல்லு. நீ கீறேல்லை. உனக்கு ஒண்டும் தெரியாது. துணி சந்தையில பழசு வாங்கினது எண்டு நான் சொல்லுறன். விளங்குதோ?"

"மச்சான்?"

"அவனை விட்டிடுவினம். அது சும்மா விசாரணை. என்னைப் பிடிச்சால் விட மாட்டினம்."

முகாமுக்கு நாங்கள் மூவர் போனோம்: அப்பா, நான், பிடிவாதமாக வந்த அக்கா. அவள் கையில் ஒரு பிஸ்கற் பேணி. அதற்குள் பஞ்சு வைத்து நான்கு டாங்கிகளும் விதிக் கொப்பியும். வாசலடியில் ஒரு வாங்கு கிடந்தது. அவளை அதில் இருக்கச் சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் உள்ளே விட்டார்கள்.

அதிகாரி இளைஞர், கதைத்தது பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர். மேசையில் லேஞ்சி விரித்துக் கிடந்தது. அதன் நீல நூலோரம் ஒரு பக்கம் பிரிந்திருந்தது. அப்பா சந்தைக் கதையைச் சொன்னார். அதிகாரி மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. என்னைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் குனிந்து, நல்ல தமிழில், அன்பாகவே கேட்டார்:

"தம்பி, உங்கட மச்சான் சொல்லுறார், இதை நீர்தான் கீறினது எண்டு. சைக்கிள் சில்லால அளந்து, விளையாடுறதுக்குக் கீறினதாம். அளவுகோல், எழுத்து, எல்லாம் நீரேதானாம். உண்மையோ?"

மச்சான் உண்மையைச் சொல்லியிருந்தான். அதில் ஒரே ஒரு பொய், அப்பாவைக் காப்பாற்றச் சொன்னது. நான் ஓம் என்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. எழுதிக் காட்டு என்று கேட்டிருப்பார்கள். அப்பாவின் எழுத்தை என்னால் எழுதியிருக்க முடியாது. அல்லது கேட்காமலே சிரித்துவிட்டு அனுப்பியிருப்பார்கள். அப்பாவின் கை என் தோளில் இருந்தது. அது அழுத்தவில்லை. அழுத்தியதாக எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் அது அழுத்தவில்லை.

"இல்லை" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு சொல்லில் அதிகாரிக்குச் சொன்னார். அவர் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அக்கா எழும்பினாள். "மச்சானை விடுவினமோ?"

"பாப்பினமாம். வா போவம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள், அப்பா?"

"வா எண்டு சொன்னனான்."

அவள் வரவில்லை. பேணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு காவலாளியிடம் போய், உள்ளே போக வேண்டும் என்றாள். அப்பா கூப்பிட்டார், அவள் திரும்பவில்லை. அரைமணித்தியாலம் உள்ளே இருந்தாள். படத்தைக் கீறியது தான்தான் என்று சொன்னாளாம். பேணியைத் திறந்து டாங்கிகளை மேசையில் வைத்தாளாம். அதிகாரி ஒன்றை எடுத்து, கோபுரத்தை விரலால் சுழற்றிப் பார்த்து, எப்படித் திரும்புகிறது என்று கேட்டாராம். அமுக்குப் பொத்தான் என்றாளாம். அவர் இன்னொரு முறை சுழற்றிப் பார்த்தாராம். அப்போது, இனி விட்டுவிடுவார்கள் என்று அவள் நம்பினாளாம்.

அவளை வாசல் வரை கொண்டுவந்து விட்ட மொழிபெயர்ப்பாளர் அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஐயா, உள்ளே இருக்கிற பெடியன் ஒண்டு சொல்லுறான். நீங்கள் ஒண்டு சொல்லுறீங்கள். இப்ப இந்தப் பிள்ளை வந்து இன்னொண்டு. மூண்டு கதை. ஒரே கதையாய் இருந்திருந்தால் பரவாயில்லை. இனி இது மேலிடத்துக்குத்தான் போகும்."

அக்கா அதைக் கேட்டாள். அவள் கேட்டது அவ்வளவுதான். பெடியன் என்ன சொன்னான் என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பேணியும் டாங்கிகளும் முகாமிலேயே தங்கிவிட்டன.

மச்சானை வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். பெறுபேறுகள் வந்தன. பொறியியல் பீடத்தில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. பதிவுக்குக் குறித்த நாளில் மாமா கடிதத்தோடு ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். அந்த நாள் கடந்தது. வாடைக் காற்று தொடங்கி, சாம்பல்தீவு வயல்களில் வெள்ளம் நின்று வடிந்த பிறகுதான் அவனை விட்டார்கள். எங்கள் வீட்டுக்கு அவன் வரவில்லை. நாங்கள் போனோம். முற்றத்தில் வெயில் பிடித்துக்கொண்டிருந்தவன் அப்பாவைக் கண்டதும் எழும்பிக் கதிரை கொடுத்தான். என்னைக் கண்டு தலையசைத்தான். அக்காவோடு கதைக்கவில்லை, அவளும் கதைக்கவில்லை. சில மாதங்களில் கொழும்புக்கும், அங்கிருந்து வெளிநாட்டுக்கும் போய்விட்டான்.

அக்காவுக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. அவள் போகவில்லை. காரணம் கேட்டபோது கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். ஆசிரியர் பயிற்சிக்குப் போனாள். வந்த சம்பந்தங்களை ஒவ்வொன்றாக மறுத்தாள்; பிறகு அவை வருவதும் நின்றது. அம்மா அதற்குப் பின் அந்தத் துணியைத் தொடவே இல்லை; மிஞ்சிய எட்டு லேஞ்சிகளையும் ஒரு நாள் அடுப்புக்குள் வைத்தார். அப்பா ஓய்வுபெறும் வரை அதே அலுவலகத்தில் இருந்தார். சாகும்வரை அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நான் பொருளியல் படித்தேன்; பிற நாடுகளில் படிப்பித்தேன். மனைவி இறந்த பின் திரும்பி வந்து, அக்காவோடு அதே வீட்டில் இருந்தேன். எங்கள் இருவருக்கும் வேறு யாரும் இல்லை.

சில வருடங்களுக்கு ஒரு முறை அவள் அதைச் சொல்வாள். சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவும்போதோ, வினாத்தாள் திருத்தும்போதோ, தலை நிமிராமல்: "நான் அண்டைக்கு உள்ள போகாமல் இருந்திருந்தால் அவனை விட்டிருப்பினம். என்ர வாயாலதான் கெட்டது." நான் அப்படி இல்லை என்பேன். ஏன் இல்லை என்று அவள் கேட்க மாட்டாள். அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக வைத்தியசாலையில் சொன்னாள். மருந்தின் மயக்கம் குறைந்திருந்த ஒரு காலை. குரல் மெலிந்து போயிருந்தது. "அவன் உண்மையைத்தான் சொல்லியிருப்பான், என்ன? விளையாட்டுக்கு நாங்கள் கீறினது எண்டு. நான் போய் எல்லாத்தையும் குழப்பிப்போட்டன்." கட்டிலின் மறுபக்கத்தில் தாதி ஒருவர் சேலைன் போத்தலை மாற்றிக்கொண்டிருந்தார். அவர் போகட்டும் என்று காத்திருந்தேன். அவர் போன பிறகும் காத்திருந்தேன். "இப்ப அதை ஏன் நினைக்கிறீங்கள் அக்கா, படுங்கோ" என்றேன். அவள் கண்களை மூடினாள். இரண்டு நாள் கழித்து இறந்தாள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் மச்சான் கனடாவில் இருந்து தொலைபேசியில் கூப்பிட்டான். இத்தனை வருடத்தில் அவன் குரலை நான் கேட்பது அது இரண்டாவது தடவையோ மூன்றாவதோ. கிழவனின் குரல். வருத்தம் என்ன, வலி இருந்ததா, கடைசியில் ஆளை அடையாளம் தெரிந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான்.

"மச்சான்," என்றேன், "அண்டைக்கு முகாமில அவங்கள் என்னைக் கேட்டவங்கள். நான்..."

"தெரியும்" என்றான். "பின்னேரமே எனக்கு வந்து சொன்னவங்கள். உன்ர மச்சான், தான் கீறேல்லை எண்டு சொல்லுறான், நீ பொய்க்காரன் எண்டு."

அவன் குரலில் கோபம் இல்லை. அது எனக்கு உதவவில்லை.

"அக்கா தான் பேசினதாலதான் உங்களை வச்சிருந்தவங்கள் எண்டு கடைசி வரைக்கும் நினைச்சவ. நீங்கள் ஒரு கடிதம் எழுதியிருக்கலாமே. நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

"நான் என்னெண்டு சொல்லுறது? உன்ர தம்பிதான் காரணம் எண்டோ? அவளுக்கு உன்னை விட்டால் வேற ஆர் இருந்தது? சொல்லியிருந்தால் அவள் உன்னோட இருந்திருக்க மாட்டாள்." சிறிது நேரம் மூச்சு வாங்கினான். "நீ சொல்லுவாய் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தனான். இவ்வளவு காலமும் அவளுக்குத் தெரியும் எண்டுதான் நினைச்சனான். தெரிஞ்சும் அவள் எனக்கு எழுதேல்லை எண்டால், என்னில விருப்பமில்லை எண்டு நினைச்சன்."

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அவளுக்குத் தெரியாதோ?" என்று கேட்டான். "உண்மையாவே தெரியாதோ?"

"தெரியாது."

அவன் அழுவான் என்று நினைத்தேன். அவன் அழவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி எந்தத் திகதி என்று கேட்டான். சொன்னேன். பேனை எடுத்து எழுதும் சத்தம் கேட்டது. அந்தத் திகதியை ஒருமுறை திரும்பச் சொல்லச் சொன்னான், சொன்னேன். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டான்.